செம்பும் பாஷாணமும் கூடிய கல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை பழக்கமானது. செட்டிநாட்டு வீடுகளின் பரணிலிருந்து இறங்கி வந்த செம்பு அண்டா, தவலை, குடம், கூஜா என்று எதை எடுத்தாலும் கழுத்து மடிப்பிலும் பொருத்துவாயிலும் அது படிந்திருக்கும். களிம்பு என்போம். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் புளிப்பு எதையும் வைக்கக் கூடாது என்று ஆச்சிமார் கண்டிப்பாக இருந்ததற்கும் இதுவே காரணம். புளியின் டார்டாரிக் அமிலம் செம்பைக் கரைக்கும், கரைந்தது குழம்போடு வயிற்றுக்குள் போகும்.

காற்றிலுள்ள ஆக்சிஜன், ஈரம், கரியமில வாயு மூன்றும் செம்போடு சேர்ந்தால் களிம்பு. அதன் முக்கியக் கூறு செம்புக் கார்பனேட் ஹைட்ராக்சைடு. இதே பொருள் பூமிக்குள் கல்லாகக் கிடைக்கும்போது அதன் பெயர் மாலகைட். பாத்திரத்தின் மேல் சில ஆண்டுகளில் நடப்பது, மண்ணுக்குள் செம்புத் தாதுவின் மேல்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக நடக்கிறது. அங்கே ஊறும் நீரில் ஆர்சனிக்கும் கலந்திருந்தால் பிறக்கும் கற்கள் வேறொரு குடும்பம். அவை செம்பு ஆர்சனேட்டுகள். அந்தக் குடும்பத்தில் மிக அரிதானவற்றுள் ஒன்று லிரோகோனைட். அழகிலும் அதற்கே நான் முதலிடம் தருவேன்.

ஆர்சனிக் தமிழருக்குப் புதிய பொருள் கிடையாது. சித்த மருத்துவம் 64 பாஷாணங்களைக் கணக்கிடுகிறது. அவற்றில் தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். வெள்ளைப் பாஷாணம் ஆர்சனிக்கின் ஆக்சைடு. செம்பின் உப்பான துருசும் அதே மருந்துப் பெட்டியில் இருந்தது. செம்பு, ஆர்சனிக் என்ற இந்த இரண்டு சரக்குகளும் யார் கையும் படாமல், மழைநீரின் வேலையால் மட்டும் ஒன்றுகூடி உண்டான கல் லிரோகோனைட்.

பார்வைக்கு அது தெளிந்த வானத்தின் நீலம். சில துண்டுகளில் நீலம் பச்சைக்குச் சாயும். படிகங்கள் ஒற்றைச்சரிவு அமைப்பைச் சேர்ந்தவை. தட்டையாக அமுக்கிய எண்முக வடிவில், பருப்பை நினைவூட்டும்படி பாறைப் பிளவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் கண்ணாடிப் பளபளப்பு. மோஸ் அளவுகோலில் கடினம் 2 முதல் 2.5 வரைதான், நகம் பட்டாலே கீறல் விழும். நகையில் பதிக்க உதவாது. அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. செம்பு சேர்ந்த கல் என்பதற்கு இது குறைவு. காரணம் அதன் உள்ளமைப்பில் இருக்கிறது. இரண்டு செம்பு அணு, ஒரு அலுமினியம், ஒரு ஆர்சனேட் தொகுதி, நான்கு ஹைட்ராக்சில் ஆகியவற்றோடு நான்கு தண்ணீர் மூலக்கூறுகளும் அதில் அடங்கியுள்ளன. எடையில் ஏறக்குறைய 29 சதவீதம் செம்பு, 17 சதவீதம் ஆர்சனிக், இன்னொரு 17 சதவீதம் வெறும் தண்ணீர். சூடு பட்டால் தண்ணீர் வெளியேறிப் படிகம் குலைந்துவிடும்.

நீல நிறத்துக்குப் பொறுப்பு செம்பு. இரண்டு எலக்ட்ரானை இழந்த செம்பு அயனி, தன்னைச் சுற்றி ஆக்சிஜன் அணுக்கள் அமையும்போது ஒளியின் சிவப்புப் பக்கத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு நீலமாகவோ பச்சையாகவோ வருகிறது. சுற்றியிருக்கும் அணுக்களின் அமைப்பு சற்று மாறினாலும் நிறம் மாறும். இதனால்தான் ஒரே குடும்பத்துக் கற்களுக்கு இத்தனை வேறு நிறங்கள். ஆலிவனைட் பாசிப்பச்சை, கிளினோகிளேஸ் கருநீலம் கலந்த பச்சை, சால்கோஃபில்லைட் மரகதப் பச்சையில் மெல்லிய தகடுகள், கால்சியம் சேர்ந்த கோனிகால்சைட் புல்லின் பச்சை.

இவையெல்லாம் இரண்டாம் நிலைக் கனிமங்கள். பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் முதலில் உண்டாவது கந்தகத் தாது: சால்கோபைரைட், டென்னன்டைட், ஆர்சனோபைரைட் போன்றவை. நிலம் அரிக்கப்பட்டு இந்தத் தாது மேலே வரும்போது மழைநீரும் ஆக்சிஜனும் அதை எட்டுகின்றன. கந்தகம் சல்பேட்டாக மாறி நீரை அமிலமாக்குகிறது. செம்பு கரைகிறது. ஆர்சனிக் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆர்சனேட்டாகிறது. பிறகு நீர் கீழே கசிந்து, அமிலம் தணிந்து, பிளவுகளில் தேங்கும்போது புதிய படிகங்கள் படிகின்றன.

இதன் ஒரு பாதியைச் செட்டிநாட்டு மண்ணிலேயே பார்க்கலாம். இப்பகுதியில் வெட்டியெடுக்கும் செம்புறாங்கல் இப்படிப்பட்ட சிதைவின் விளைவுதான். பல்லாண்டு மழை பாறையின் கரையக்கூடிய பொருள்களைக் கழுவிக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மட்டும் தங்கிச் சிவந்த கல்லாகின்றன. செம்புத் தாதுவின் உச்சியிலும் இதே போல் துருநிறத் தொப்பி ஒன்று உண்டாகும். பழைய சுரங்கக்காரர்கள் அந்தச் சிவப்பைக் கண்டுதான் கீழே உலோகம் இருக்கிறது என்று தோண்டினார்கள். ஆனால் செம்புறாங்கல்லின் கீழே செம்பைத் தேட வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தின் பெயர் பெற்ற கனிமம் கிராஃபைட். அதைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்து வருகிறது. செம்பும் ஈயமும் துத்தநாகமும் கலந்த தாதுவுக்குத் தமிழ்நாட்டில் அறியப்பட்ட இடம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூர். இந்தியாவின் பெரிய செம்புச் சுரங்கங்கள் ராஜஸ்தானின் கேத்ரி, ஜார்க்கண்டின் சிங்பூம், மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்ட் ஆகிய இடங்களில் உள்ளன.

தாது சிதைவது மின்வேதியியல் நிகழ்வும்கூட. அதைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை. இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று நிலையம் திறக்கப்பட்டது. உலோகம் அரிப்பதை ஆராய்வது தொடக்கம் முதல் அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. கடற்காற்றில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்று பார்க்கக் கடலோர ஊரான மண்டபத்தில் அதற்குத் தனிக் கூடமே உண்டு. அங்கே பாலத்து இரும்புக்கும் கப்பல் தகட்டுக்கும் பொருந்தும் விதிதான் மண்ணுக்குள் தாதுவுக்கும் பொருந்துகிறது. இரண்டு கந்தகத் தாதுக்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஈரத்தில் கிடந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகும். பைரைட் பக்கத்தில் இருந்தால் அது தப்பித்துக்கொள்ளும். அண்டைத் தாது முதலில் கரையும். எந்தத் தாது முதலில் கரைகிறதோ, அதன் உலோகமே நீரில் முதலில் சேரும். எந்தப் படிகம் எங்கே பிறக்கும் என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

லிரோகோனைட் அரிதாவதற்குக் காரணம், அதற்குப் பல நிபந்தனைகள் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டியிருப்பது. நீரில் இரும்பு மிகுந்திருந்தால் ஆர்சனேட்டை அது பிடித்துக்கொண்டு ஸ்கோரோடைட் ஆகிவிடும். சுண்ணாம்புப் பாறை அருகிருந்தால் கார்பனேட் முந்திக்கொண்டு மாலகைட் ஆகும். அலுமினியம் இல்லையென்றால் ஆலிவனைட்டோடு கதை முடிந்துவிடும். கிரானைட்டின் ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து அலுமினியத்தைக் கொடுக்கும் நிலம், அதன் பக்கத்திலேயே ஆர்சனிக்கும் செம்பும் கலந்த தாது என்று எல்லாம் பொருந்திய இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால்.

அங்கே செயின்ட் டே என்ற ஊரின் வீல் கோர்லண்ட் சுரங்கத்தில்தான் உலகின் சிறந்த லிரோகோனைட் படிகங்கள் கிடைத்தன. வேறு சில நாடுகளிலும் சிறு துணுக்குகளாகக் கிடைப்பதுண்டு. அந்த அளவும் அந்த நீலமும் வேறெங்கும் வாய்க்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்து வந்த கவுன்ட் போர்னான் 1801இல் கார்ன்வாலின் செம்பு ஆர்சனேட்டுகளின் படிக வடிவங்களை விவரித்து எழுதினார். அயர்லாந்து வேதியியலர் ரிச்சர்ட் செனெவிக்ஸ் அதே ஆண்டில் அவற்றைப் பகுப்பாய்வு செய்தார். ஒருவர் வடிவத்தை அளக்க, மற்றவர் உட்பொருளை அளக்க, இருவர் முடிவுகளையும் ஒப்பிட்டுக் கனிமங்களைப் பிரித்த முறை பிற்காலக் கனிமவியலுக்குப் பாதை போட்டது. இரண்டாம் நிலைக் கனிமங்கள் சுரங்கத்தின் மேல்தளங்களில் மட்டுமே இருக்கும். தோண்டுகிறவர்கள் ஆழம் போகப் போகப் பழைய கந்தகத் தாதுவே வரும். அதனால் நல்ல படிகங்கள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுத்தவை. அந்தக் காலத்தில் ஃபிலிப் ராஷ்லி போன்ற சேகரிப்பாளர்கள் அவற்றை உடைபடாமல் காத்தார்கள். அவருடைய சேகரிப்பை இன்று ட்ரூரோ நகர அருங்காட்சியகத்தில் காணலாம்.

கார்ன்வாலுக்கும் தமிழருக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. செயின்ட் டேயை அடுத்த க்வெனாப் பகுதியில் 1819இல் பெரிய செம்புச் சுரங்கங்களை மீண்டும் ஓடவைத்தவர் ஜான் டெய்லர். அவர் குடும்பத்து நிறுவனமான ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்தான் 1880 முதல் கோலார் தங்கவயலை நடத்தியது. கார்ன்வால் சுரங்கத்தில் தொழில் பழகியவர்கள் கோலாருக்கு மேற்பார்வைக்கு வந்தார்கள். அவர்களோடு ஆழத்தில் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த பொருளை மனிதர்கள் தாங்களாகச் செய்ததும் உண்டு. 1775இல் ஸ்வீடன் வேதியியலர் ஷீலே ஒரு பச்சைச் சாயத்தை உண்டாக்கினார். 1814இல் ஜெர்மனியின் ஸ்வைன்ஃபுர்ட்டில் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சை வந்தது. சுவர்த்தாளிலும் துணியிலும் ஐரோப்பா முழுவதும் பரவிய அந்த நிறம் பலரை நோயில் தள்ளியது. பிறகு அதுவே பூச்சிமருந்தாக வயலுக்குப் போனது.

இந்தியாவின் பங்கு இதில் பெரிது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் உப்புகளைக் கலந்து மரத்துக்கான பாதுகாப்புக் கரைசலைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக்கின் குறியீட்டையும் செம்பின் குறியீட்டையும் சேர்த்து அதற்கு ஆஸ்கு என்று பெயர். 1938இல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அழுத்தத்தில் மரத்துக்குள் ஏற்றிய கரைசல் நாரோடு வினைபுரிந்து, மழையில் எளிதில் கரையாத ஆர்சனேட்டுகளாக உள்ளேயே படிந்துவிடுகிறது. செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் கரையானைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் பிடித்துவைக்கும். வட்டிக்கடை நடத்தப் பர்மா போன செட்டியார்கள் கப்பலில் கொண்டுவந்த தேக்குக்கு இந்த உதவி தேவைப்படவில்லை; டெக்டோகுவினோன் போன்ற தன் சொந்தப் பொருள்களாலேயே தேக்கு கரையானை விரட்டும். தேக்கு வாங்க முடியாத இடங்களில், தந்திக்கம்பத்திலும் தண்டவாளக் கட்டையிலும் வேலிக்காலிலும், காமேசத்தின் கண்டுபிடிப்பு உலகம் முழுவதும் மலிவு மரத்தின் ஆயுளை நீட்டியது. 2003 இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்குள் அதை ஏற்றுவது நின்றது. காரணம் ஆர்சனிக்கைப் பற்றிய அச்சம்.

அந்த அச்சம் நியாயமானது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் குழாய்க்கிணற்று நீர் இந்த வரம்பைப் பன்மடங்கு தாண்டியதால் லட்சக்கணக்கானோர் அவதிப்படுகிறார்கள். அங்கே ஆக்சிஜன் இல்லாத வண்டலில் இரும்பு ஆக்சைடு பிடித்துவைத்திருந்த ஆர்சனிக் அவிழ்ந்து நீரில் கலக்கிறது. எந்த நிலைமையில் எந்த ஆர்சனேட் எவ்வளவு கரையும் என்று தெரிந்தால்தான் நஞ்சை எங்கே பூட்டிவைக்கலாம், எங்கே அது அவிழும் என்று சொல்ல முடியும். லிரோகோனைட் போன்ற அரிய கற்களின் மேல் செலவிடும் உழைப்பு வீண் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பழைய கனிம நூல்கள் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்லும்: கல்லைக் கரித்துண்டில் வைத்துச் சுட்டால் பூண்டு வாசனை வரும். மாணவர்கள் யாரும் அதைச் செய்ய வேண்டாம். அந்த வாசனை மூக்குக்கு வந்தால் நஞ்சும் வந்துவிட்டது என்று பொருள். பச்சை நிறக் கல் கிடைத்தால் தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள், பொடி செய்யாதீர்கள். தோட்டத்திலோ வேலியோரத்திலோ பச்சைச் சாயல் தட்டிய, மருந்து ஏற்றிய பழைய கம்பம் கிடந்தால் அதை அடுப்பில் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும்.