பென்சன் உள்ளவருக்கு எந்தக் காப்புறுதி?

இலங்கைத் தரைப்படையில் 22 ஆண்டுச் சேவையை முடித்த சிப்பாய், நாற்பது நாற்பத்தைந்து வயதில் ஓய்வூதியத்தோடு வீடு திரும்புகிறார். காத்தான்குடியில் 1990 ஆகஸ்ட் 3 பள்ளிவாசல் படுகொலைக்குப் பின் ஊர்காவல் படையில் துப்பாக்கி ஏந்தியவர்களும், அப்படை 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமான பிறகு அதில் நீடித்தவர்களும் உண்டு. சீருடையைக் கழற்றியதும் காப்புறுதி முகவர் வாசலுக்கு வருவார். சாகும்வரை காப்பும் சேமிப்பும் சேர்ந்த முழு ஆயுள் திட்டத்தைத்தான் பெரும்பாலும் நீட்டுவார். அவருக்குத் தரகு கூடுதலாகக் கிடைப்பதும் வழக்கமாக அதில்தான். ஓய்வூதியமுள்ள படைவீரருக்கு அது பொருந்தாது, பதினைந்து இருபது ஆண்டுக்கான காலவரைக் காப்புறுதியே போதும் என்பது என் கட்சி.

காரணம், சாகும்வரைக்கான ஏற்பாடு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் இருக்கும்வரை ஓய்வூதியம். அவருக்குப் பின் மனைவிக்கு, சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கப்பட்ட விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம். மிஞ்சுவது, ஓய்வுக்குப் பின் கடையிலோ வெளிநாட்டிலோ அவர் உழைக்கும் வருமானம் திடீரென நின்றுபோனால் விழும் பள்ளம்தான். அந்தப் பள்ளத்துக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுத்துக் கலியாணம் முடிக்க வேண்டிய நம் ஊரில் அதைக் கணக்கிடுவதும் எளிது. கடைசி மகளுக்கு எட்டு வயதென்றால் பதினேழு பதினெட்டு ஆண்டில் பெரும் பாரம் இறங்கிவிடும். எழுபத்தைந்தாவது வயதில் வரும் காப்புறுதிப் பணம் யாருடைய கூரைக்கு?

இனி விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்தது. அதாவது பத்து இலட்சம் ரூபாய்க் காப்புறுதி, ஒரே ஆண்டில் 5 இலட்சத்து 89 ஆயிரத்தின் பெறுமதிக்கு இறங்கியது. போனஸ் சேரும் என்பார்கள். அந்த ஓட்டத்தை எந்தப் போனஸ் பிடிக்கும்? காலவரைத் திட்டத்தின் தொகையும் தேயும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கட்டணத்துக்குப் பல மடங்கு காப்பு வாங்கலாம். நம் சேமிப்பும் அதற்குள் சிறைப்படாது.

"உயிரோடிருந்தால் கட்டிய காசு போச்சே" என்பது வழக்கமான மறுப்பு. முஸ்லிம்களான நம்மவர்கள் இதைச் சொல்வதுதான் எனக்குப் புதிராக இருக்கிறது. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1985இல் வணிகக் காப்புறுதியை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையை ஏற்றது. இஸ்லாமியக் காப்புறுதி நிறுவனமான அமானா தகாபுல் 1999இல் இலங்கைக்குக் கொண்டுவந்ததும் அந்த வழியைத்தான். தகாபுலில் பாதுகாப்புக்கான பங்கு பொது நிதிக்கு நன்கொடையாகவே போகிறது. இன்னொரு வீட்டின் மய்யித்துக்குப் பின் அந்தக் குடும்பத்தைத் தாங்குகிறது. நன்கொடை என்று நிய்யத்து வைத்ததை நட்டம் என்று எப்படிச் சொல்வது? சேமிக்க வேண்டுமானால் தனிக் கணக்கில் சேமிக்கலாம். கட்டாயம் இல்லாவிட்டால் சேமிக்க மாட்டோம் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் முழு ஆயுள் திட்டத்தை முதல் சில ஆண்டுகளில் கைவிட்டால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பாது; கைமுடை வரும் குடும்பங்கள் கைவிடுவதும் அப்போதுதான்.

ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டிய மாற்றுத்திறனாளிப் பிள்ளை உள்ளவரின் கணக்கு வேறு. அவருக்கு முழு ஆயுள் திட்டமே சரி. 22 ஆண்டு முடிக்காமல் ஓய்வூதியமின்றி விலகியவருக்கோ பள்ளம் இன்னும் ஆழம். குறைந்த பணத்தில் பெரிய காப்பு அவருக்குத்தான் முதலில் வேண்டும். எதை எடுத்தாலும், உடம்பில் தங்கிய குண்டுச் சிதறலையும் சீனி வருத்தத்தையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடலாம். மறைத்தது பின்னால் தெரியவந்தால் மனைவியின் கோரிக்கையையே நிராகரித்துவிடுவார்கள்.