தூக்குக் கயிறும் புள்ளிவிவரமும்

அச்சமே ஒழுக்கத்திற்குக் காவல் என்று எண்ணுவோர் பலர். நெஞ்சை உலுக்கும் கொலைச்செய்தி ஒன்று நாளிதழில் வந்தால், "தூக்கில் போட்டால்தான் அடங்குவார்கள்" என்ற பேச்சு நம் விடுதி உணவுக்கூடத்திலும் எழுகிறது. இக்கூற்றை ஆராய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த திருவிதாங்கூரிலேயே அதற்குரிய செய்திகள் கிடக்கின்றன.

1944ஆம் ஆண்டு, மன்னர் சித்திரைத் திருநாள் ஆட்சியில், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது, திருவிதாங்கூரில் கொலைக்குற்றத்திற்கான மரண தண்டனை நீக்கப்பட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வட்டங்களும் அன்று இந்நாட்டின் பகுதிகளே. 1956 நவம்பர் 1இல்தான் அவை தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. ஆகவே இஃது அயலார் கதையன்று. பின்னர் நாடு இந்திய ஒன்றியத்தில் இணைந்து, இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் பரவியபோது, தூக்குத் தண்டனை திரும்பி வந்தது.

விளைவு என்ன? அத்தண்டனை இல்லாத 1945–1950 காலத்தில் 962 கொலைகள். அது மீண்ட 1950–1955 காலத்தில் 967 கொலைகள். மரண தண்டனை பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்கள் இவை.

"பார்த்தீர்களா, கயிறு வந்தபின் கொலை கூடிற்று!" என்று முழங்குவாரும் உண்டு. அறிவியல் பயில்வோர் அவ்வாறு அவசரப்படலாகாது. ஏறத்தாழ ஆயிரம் நிகழ்ச்சிகளை எண்ணும்போது, அவ்வெண்ணின் வர்க்கமூலமாகிய முப்பதளவு தற்செயலாகவே ஏறி இறங்கும். இரண்டு எண்களை ஒப்பிடும்போது அவ்வளவு நாற்பதைத் தாண்டும். ஐந்து என்னும் வேறுபாடு அதனுள் அமிழ்ந்துவிடுகிறது. மக்கள்தொகையும் பெருகிற்று, அதைக் கணக்கிட்டு, கொலை விகிதம் சற்றே குறைந்தது என்று எதிர்த்தரப்பார் வாதிடலாம். போர் முடிந்தது, மன்னராட்சி மறைந்தது. ஒன்றை மட்டும் மாற்றிப் பிறவற்றை நிலைநிறுத்தும் சோதனை சமுதாயத்தில் வாய்ப்பதில்லை.

ஆயின் இவ்வெண்கள் பயனற்றவையா? அல்ல. சிறிய விளைவை இவை காட்டமாட்டா. பெரிய விளைவு இருந்திருப்பின் மறைத்திருக்கவும் மாட்டா. கயிறுதான் கொலைவெள்ளத்தைத் தடுக்கும் அணை என்றால், அணையில்லாத ஆண்டுகளில் வெள்ளம் கண்கூடாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகமும், பல பத்தாண்டு ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று அவற்றைக் கொண்டு கூற இயலாது என 2012இல் அறிவித்தது.

காரணம் விளங்காததன்று. சினத்தால் வெட்டுபவன் சட்டநூலை நினைப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவன் அகப்படமாட்டோம் என்றே நம்புகிறான். தண்டனையின் கொடுமையைவிட, அது தப்பாது வந்து சேரும் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். எனவே நேர்மையான புலனாய்வும் தாமதமில்லா விசாரணையுமே நாம் முதலில் கேட்க வேண்டியவை.

நம் நாட்டுச் சட்டமும் மெல்ல நகர்ந்தே வந்துள்ளது. கொலைவழக்கில் தூக்கு விதிக்காத நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றிருந்த விதி 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டமோ, தூக்கு விதிப்பவரே தனிக்காரணம் காட்ட வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை அரிதினும் அரிதான வழக்குகளுக்கென ஒதுக்கியது. 1967இல் மரண தண்டனை நீடிக்கட்டும் என்ற சட்ட ஆணையம், 2015இல் பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டின்மீது போர் தொடுத்தலும் நீங்கலாக அதனை ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் அது நிற்கிறது.

கொலையுண்டோர் குடும்பத்தின் துயரை எவரும் எளிதாக எண்ணலாகாது. கொடியவன் நீண்ட காலம் சிறையிலிருக்கட்டும், சமுதாயம் காக்கப்படட்டும். ஆனால் சிலப்பதிகாரம் கற்ற நமக்கு ஒன்று தெரியும். ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் பிழையுணர்ந்து தன்னுயிரையே கொடுத்தான். ஆயினும் அத்தீர்ப்பைத் திருத்த அவனால் இயலவில்லை. சிறையிட்டவனை விடுவிக்கலாம், தூக்கிலிட்டவனை மீட்க முடியாது. திருத்த முடியாத தண்டனையை வேண்டுவோர்தாம் அதன் பயனுக்கு ஐயமற்ற சான்று காட்டக் கடமைப்பட்டவர். திருவிதாங்கூரின் எண்களில் அச்சான்று இல்லை.