கறுப்புக் காயில் ஆனந்த் ஆடிய 23 நகர்த்தல்கள்

செஸ்ஸில் வெள்ளைக்கு முதல் நகர்த்தல் உண்டு. பெரிய போட்டிகளில் கறுப்புக்கு டிரா கிடைத்தாலே நல்லது என்று பலரும் நினைப்பார்கள். 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ போட்டியில், அன்றைய உலகின் முன்னணி மூவரில் ஒருவரான லெவோன் ஆரோனியனைக் கறுப்புக் காயில் 23 நகர்த்தல்களில் வீழ்த்தினார் விஸ்வநாதன் ஆனந்த்.

15-வது நகர்த்தலில் வெள்ளைச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் பிஷப்பை வைத்தார். அடுத்ததாக, சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் குதிரை! அதை வெட்டினால் வெள்ளைக்கு ஆபத்து. ராணி பாய்ந்து செக் வைக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்கினால் ராணி தன்னையே பலி கொடுக்கும். சொந்த யானையாலும் சிப்பாய்களாலும் அடைபட்ட ராஜாவை இன்னொரு குதிரை மாட் செய்துவிடும். கறுப்பின் யானை வெட்டுப்பட்டபோதும் ஆனந்த் தாக்குதலை நிறுத்தவில்லை.

இதில் ஒரு பகுதி வீட்டில் தயாரித்தது. ஆனால் அந்த வடிவம் பழையது. 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக அகிபா ரூபின்ஸ்டீன், அவரும் கறுப்புதான், இதே போல இரண்டு பிஷப்புகளையும் வெள்ளை ராஜாவின் மூலையை நோக்கி நிறுத்தி, ஜி4 கட்டத்தில் குதிரையை வைத்து வென்றார்.

நிபுணரின் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது. 1973-இல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்தார்கள். உண்மையான ஆட்டத்து நிலை என்றால் மாஸ்டர் பெரும்பாலான காய்களைச் சரியாக அடுக்கினார். புதியவருக்கு நான்கைந்துதான் வந்தது. காய்களைக் கண்டபடி கலைத்து வைத்தபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. மாஸ்டரின் பலம் பொதுவான ஞாபகசக்தியில் இல்லை. அர்த்தமுள்ள காய்க்கூட்டங்களை ஒரே அலகாகப் பார்ப்பதில் இருக்கிறது. ஆனந்தின் மேதைமையை இது குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த வடிவத்தை எப்போது எடுப்பது என்பதும் திறமைதான்.

கடைசி நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளை ராணி, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தூரத்திலிருந்து காத்து நின்றது. நடுவில் பிஷப்பை வைத்தார் ஆனந்த். அதை வெள்ளை பிஷப்பால் வெட்டினாலும், வெட்டிய காயே ராணியின் வழியை அடைத்துவிடும், அடுத்து மாட். ஆரோனியன் அங்கேயே ஆட்டத்தைக் கைவிட்டார்.

வீட்டில் செஸ் பழகும் பிள்ளை இருந்தால், 1907 ஆட்டத்தை முதலிலும் இதை அடுத்தும் பலகையில் நகர்த்திக் காட்டுங்கள்.