அம்மாவுக்கு அளவெடுத்த வேன்

தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற குடும்பங்கள் ஒரு காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பின. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, பாட்டியை அதில் உட்கார வைப்பார்கள். அரிசி, பானை, மாட்டுத் தீனி எல்லாம் கூடவே வரும். தோப்பும் கிணறும் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டுச் சமைப்பார்கள். வண்டியிலும் வண்டிக்கு அடியிலுமாகப் படுத்துக்கொள்வார்கள். வயதானவர்கள் வெளியூர் போவதற்கு அது நல்ல ஏற்பாடு. களைத்தால் நிறுத்தலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம். இன்று கேம்பர் வேன் என்று சொல்லப்படும் இயந்திரம் இதே வேலையைத்தான் செய்கிறது. பேருந்துக்கும் காருக்கும் மாறியபோது நம் பெற்றோர் இழந்த அந்த நிதானம் இதில் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு இந்த வண்டியின் மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

நம் ஊரில் 'கேரவன்' என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். அது ஓரிடத்தில் நாள் முழுக்க நிற்பதற்காகக் கட்டிய வண்டி. ஏ.சி. ஓட ஜெனரேட்டர் வேண்டும், திருப்ப அகலமான இடம் வேண்டும். கேம்பர் வேன் அதைவிட மிகச் சிறியது. டெம்போ டிராவலர், விங்கர் போன்ற ஒரு வேனுக்குள்ளேயே படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கழிப்பறை எல்லாம் அடங்கிவிடும். ஒரு டவுன் பஸ் நுழையும் சாலை எதிலும் அது நுழையும்.

ஊர் சுற்றுவதற்கென்றே வீட்டு வண்டி கட்டிக்கொண்ட முன்னோடி வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். 1885-இல் பிரிஸ்டல் நகரப் பட்டறை ஒன்று அவருக்காக 'வாண்டரர்' என்ற குதிரை வண்டியைச் செய்தது. இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் வரை அவர் அதில் போனார். இயந்திர வண்டிக்கு வந்தால், 1951-ஐ முக்கியமான ஆண்டாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்காக ஒரு மரப்பெட்டி செய்தது. வாரநாட்களில் வேன் சரக்கு ஏற்றும். சனிக்கிழமை அந்தப் பெட்டியை உள்ளே வைத்தால் படுக்கையும் அலமாரியும் விரியும். இன்று ஈகோவிலும் பழைய ஆம்னியிலும் நம் இளைஞர்கள் கழற்றி மாட்டும் பலகைக் கட்டில் போட்டுக்கொள்வது அதே யோசனை. இளைஞர்களுக்கு அது போதும். ஆனால் அந்த வண்டிகளுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்கால் தேய்ந்த ஒருவர் குனிந்து, மண்டியிட்டு, ஊர்ந்துதான் படுக்கைக்குப் போக வேண்டும். பெற்றோரோடு போவதென்றால் கூரை உயர்ந்த வேனைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ராத்திரி எழுந்தா எங்கப்பா போறது?"

வண்டியின் வடிவமைப்பு முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதியவர்கள் இரவில் இரண்டு மூன்று முறை எழுவது இயல்பு. நீரிழிவு இருந்தால் இன்னும் அதிகம். எழ வேண்டியிருக்குமே என்ற பயத்தில் பயணத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் தாய்மார்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறுநீர்த் தொற்றும் தலைசுற்றலும் பல நேரம் அங்கே ஆரம்பிக்கின்றன. அதனால் பெட்டிக் கழிப்பறை எனப்படும் சிறு கழிப்பறை இந்த வண்டியில் முதல் உறுப்பு. உட்காரும் பகுதிக்குக் கீழே 15 முதல் 20 லிட்டர் கொள்ளும் மூடிய பெட்டி இருக்கும். இடையில் உள்ள தகடு மூடிக்கொள்வதால் நாற்றம் மேலே வராது. நிறைந்ததும் பெட்டியைத் தனியே உருவி எடுத்து, ஊருக்குள் ஏதாவது ஒரு கழிப்பறையில் கொட்டிக் கழுவலாம். உட்காரும் உயரம் 45 செ.மீ. அளவில் இருந்தால் எழ சிரமம் இல்லை. படுக்கைக்கும் அதே உயரம். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கைப்பிடிக் கம்பி, தரையை ஒட்டி மங்கலான மஞ்சள் விளக்கு. தூக்கக் கலக்கத்தில் கண் கூசாமல், மகனையோ மகளையோ எழுப்பாமல், தானே போய் வர முடிந்தால் அந்த அம்மாவின் மறுநாள் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

வாசல் படியும் அதே கவனத்தைக் கேட்கிறது. இந்த வேன்களின் தளம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் இருக்கும். ஒரு படியின் உயரம் 15-18 செ.மீ. தாண்டாதபடி, இழுத்து மடக்கும் படிகளைப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். கைப்பிடி இரு பக்கமும் வேண்டும். ஏறும்போது ஒரு கையும் இறங்கும்போது மறு கையும் தேவைப்படும்.

அடுத்தது மின்சாரம். இங்கே கணக்குப் போட்டால்தான் தெளிவு வரும். 12 வோல்ட்டில் ஓடும் மின்விசிறி 25 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு 250 வாட்-மணி. இன்சுலின் வைக்கச் சிறு குளிர்பெட்டி நாளுக்குச் சுமார் 450. விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கைபேசி எல்லாம் சேர்ந்து 100. மொத்தம் 800 வாட்-மணி. 200 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஏறக்குறைய 2,500 வாட்-மணி இருக்கும்; அதாவது வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்கும். கூரையில் 300 வாட் சூரியத் தகடு வைத்தால், நல்ல வெயில் நாளில் 900 அளவுக்குத் திரும்ப வந்துவிடும். ஓடும்போது என்ஜினின் ஆல்டர்னேட்டரும் தனிக் கருவி வழியாக இந்தப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். ஒரு டன் ஏ.சி.யை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அது ஓடத் தொடங்கினால் ஒரு மணி நேரத்தில் 1,000 வாட்-மணி வரை விழுங்கும். இரண்டரை மணி நேரத்தில் பேட்டரி தீரும்.

ஏ.சி. இல்லாமல் கோடை இரவை எப்படிக் கழிப்பது? இதற்கு விடை ஊரைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பெற்றோரோடு போகச் செங்கம் என்ற ஊரை நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். புதுச்சேரி-கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில், செய்யாற்றங்கரையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மருந்துக்கடை, மருத்துவமனை, பங்க், டயர்க் கடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பரமனந்தல் வழியாக மலையேறினால் ஜமுனாமரத்தூர் பக்கம் போய்விடலாம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜவ்வாது மலையில் மக்கள் வாழும் மேட்டு நிலம் அவ்வளவு உயரம் இல்லை; ஆனாலும் இரவில் போர்வை கேட்கும் குளிர் வரும். அங்கே மின்விசிறியும், கொசுவலை போட்ட இரண்டு சன்னல்களும் போதும். சன்னல் இரண்டு வேண்டும் என்பதை விடாமல் கேட்டு வாங்குங்கள். பூட்டிய வேனில் இருவர் மூச்சுவிட்டால், விடியும்போது இரும்பு உடலின் உள்பக்கம் ஈரம் வடியும். படுக்கை நனையும், துரு ஏறும். ஒன்றில் காற்று நுழைந்து மற்றதில் வெளியேற வேண்டும்.

சமையல் வாயுவும் இதே எச்சரிக்கையோடு சேர்ந்தது. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், படுத்திருப்பவரின் மூக்குக்கு அருகிலேயே. சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரைமட்டத்தில் வெளித் துளை இருக்க வேண்டும். அடுப்பை வெளியே எடுத்து வைத்துச் சமைப்பதே நல்லது. காட்டை ஒட்டிய இடங்களில் கோடையில் அதையும் தவிர்த்துவிட்டு, செங்கத்திலேயே இட்லி கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

எடை பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 80 லிட்டர் தொட்டி என்பது கூடவே இன்னொரு ஆள் வருவதற்குச் சமம். தொட்டியைத் தரைக்கு அருகில், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைக்க வேண்டும். கனமான எதையும் கூரைக்குக் கொண்டுபோகக் கூடாது. மலை வளைவில் வண்டி சாய்வதைக் கூட்டுவது மேலே இருக்கும் பாரம்தான். தொட்டி வலப்பக்கம் என்றால் அலமாரியும் பேட்டரியும் இடப்பக்கம். ஒட்டுப்பலகையைத் தாராளமாக அடித்துவிட்டு, பின்பக்கப் பட்டை இறங்கிவிட்டது என்று புலம்பும் வண்டிகள் நிறைய. உள்வேலை முடிந்ததும் ஒரு முறை எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உச்ச எடையோடு ஒப்பிட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை உரிமையாளர் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே வேளையில் மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டி, முறையாகப் பதிவு செய்யும் நிறுவனத்திடம் போவது தலைவலியைக் குறைக்கும். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனம், பொலேரோ கேம்பர் வண்டியில் இத்தகைய உள்ளமைப்பு செய்ய 2022-இல் மகிந்திராவோடு ஒப்பந்தம் போட்டது. கேரளம் 2021-இலேயே 'கேரவன் கேரளா' என்ற கொள்கையை அறிவித்து வண்டி நிறுத்தும் பூங்காக்களுக்கு வழி செய்தது. செங்கம் பக்கம் அப்படி ஒரு பூங்கா வந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.

அது வரும்வரை எங்கே நிறுத்துவது? உறவினர் வீட்டுக் களம், சொல்லி அனுமதி பெற்ற பங்க் வளாகம், தெரிந்தவர் நிலத்து மோட்டார் கொட்டகை. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்கக் கூடாது. கழிவுநீர் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். செய்யாறு ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. கீழே குப்பநத்தம் அணையில் தேங்கி வயல்களுக்குப் போகிறது. மலையோடையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்தால் அது கீழே உள்ளவர்களின் தண்ணீரில் கலக்கும்.

பெற்றோரோடு போகும்போது நாளுக்கு 50 கிலோமீட்டர் போதும். செங்கம் அதற்கென்றே அமைந்த ஊர். முதல் நாள் முழுக்க ஊருக்குள்ளேயே கழியும். ரிஷபேஸ்வரர் கோயில் இருக்கிறது. வேணுகோபால பார்த்தசாரதி கோயிலில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. சுற்று வட்டாரம் முழுவதும் நடுகற்கள். பல்லவர் காலக் கல்வெட்டோடு கிடைத்தவற்றை இரா. நாகசாமி தொகுக்க, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகத் தொல்லியல் துறை வெளியிட்டது. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனின் பெயரைத் தமிழிலேயே எழுதி வைத்த கற்கள் அவை.

செங்கம்தான் சங்க காலச் செங்கண்மா, குறுநில மன்னன் நன்னனின் ஊர். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்வது 'மலைபடுகடாம்'. 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார். பத்துப்பாட்டில் ஒரு சாலைக் கையேட்டுக்கு மிக அருகில் வருவது இதுதான். எந்த வழியில் யானை வரும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, நடுகல் நிற்கும் கிளைவழிகளில் என்ன செய்வது, பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்றெல்லாம் அது சொல்கிறது. பயணிகளின் காலடி மேல் அந்தப் புலவருக்கு இருந்த அக்கறை என்னை ஒவ்வொரு முறையும் நெகிழ வைக்கிறது. அதில் வரும் நவிரமலையே இன்றைய பர்வதமலை என்பர். செங்கம்-போளூர் சாலையில் கடலாடிப் பக்கம் வண்டியை நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்தால், ஏற முடியாத முழங்காலுக்கும் அந்த மலை முழுசாகத் தெரியும்.

மலை மேல் ஜமுனாமரத்தூர் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சாமை விளையும் நிலம். அதைத் தாண்டி ஆலங்காயம் போகும் வழியில் காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. ஊர் வெளிச்சம் படாத வானம் வேண்டும் என்றுதான் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பக்கம் இரவு தங்கினால் வண்டியின் வெளி விளக்குகளை அணைத்துவிடுவது நாம் செய்யக்கூடிய மரியாதை.

கொண்டை ஊசி வளைவுகளில் அம்மாவை முன் இருக்கையில், ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வையுங்கள். உடல் திரும்புகிறது என்று உட்காது சொல்ல, எதிரே இருக்கும் அலமாரி அசையவில்லை என்று கண் சொல்லும்போதுதான் குமட்டல் வருகிறது. தூரத்துச் சாலையைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். பக்கவாட்டு பெஞ்சு நின்ற பிறகு உட்காரத்தான். ஓடும்போது முன்நோக்கிய இருக்கையும் பெல்ட்டும் கட்டாயம். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பாரம் ஏறிய வேனைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். அடிவாரத்தில் டீ குடிக்கும் சாக்கில் சக்கரத்தின் அருகே கை நீட்டிப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னும் கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால், வண்டி கட்டி முடித்ததும் மலைக்குப் போகாமல் உங்கள் தெருவிலேயே நிறுத்தி, அம்மாவையோ அப்பாவையோ ஓர் இரவு அதில் படுக்க வையுங்கள். கைப்பிடி எட்டவில்லை, விளக்கு சுவிட்ச் தலைமாட்டில் இல்லை, படி வழுக்குகிறது என்று காலையில் அவர்கள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போங்கள். இப்படித் திருத்துவது சில நாள் வேலைதான்.