திருவாதிரை எப்போது வெடிக்கும்?

2019-ஆம் ஆண்டு இறுதியில் திருவாதிரை விண்மீன் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் பாதிக்கும் கீழே போனது. "வெடிக்கப் போகுது" என்று செய்திகள் பரவின. ஆனால் வெடிக்கவில்லை. விண்மீன் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்திருக்கிறது. இருந்தாலும், அது ஒரு நாள் வெடிக்கத்தான் போகிறது. ஏன் என்று மாணவர்கள் கேட்டால், தமிழிலேயே விளக்கிவிடலாம்.

முதலில் ஒரு கேள்வி போடுங்கள்: பெரிய விண்மீன், சிறிய விண்மீன், இரண்டில் எது அதிக காலம் வாழும்? பெரும்பாலும் "பெரியதுதான் சார், அதுலதான் நிறைய எரிபொருள் இருக்கு" என்பார்கள். உண்மை நேர்மாறானது. நிறைய சம்பாதித்தும், அதைவிடப் பல மடங்கு செலவு செய்கிறவரின் கதைதான் பெரிய விண்மீனின் கதை.

விண்மீனுக்குள் இரண்டு விசைகள் ஓயாமல் மல்லுக்கட்டுகின்றன. ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. மையத்தில் நடக்கும் அணுக்கரு இணைவிலிருந்து வரும் வெப்பம் வெளியே தள்ளுகிறது. நிறை கூடினால் இழுப்பும் கூடும். அதைத் தாங்க எரிபொருளை வேகமாகச் செலவழிக்க வேண்டும். நம் சூரியனின் ஆயுள் சுமார் 10 பில்லியன் ஆண்டு. திருவாதிரையின் நிறை சூரியனைப்போல் 15 மடங்குக்கு மேல் இருக்கலாம் என்கிறார்கள். அதன் வயதோ சுமார் 10 மில்லியன் ஆண்டுதான். அதற்குள் கிழப்பருவம் வந்துவிட்டது! உடலும் ஊதிப்போய்விட்டது. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும்.

சரி, எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? ஒன்று முடிந்ததும் அதன் சாம்பலே அடுத்த எரிபொருளாகிறது. சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீனைப் பாருங்கள். ஹைட்ரஜன் ஏறக்குறைய 7 மில்லியன் ஆண்டு தாங்கும். ஹீலியம் சில இலட்சம் ஆண்டு. கார்பன் சில நூறு ஆண்டு. நியான் ஓர் ஆண்டு, ஆக்ஸிஜன் சில மாதம். கடைசியாக சிலிக்கான், ஒரே நாள்!

சிலிக்கான் எரிந்து இரும்பாகிறது. அங்கேதான் சிக்கல். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது; நாம்தான் ஆற்றல் கொடுக்க வேண்டும். வரவு நின்றுவிட்டது. இரும்பு மையம் எவ்வளவு எடை வரை தாங்கும்? இதற்கு அடிப்படையான கணக்கை 1930-இல், இங்கிலாந்துக்குப் போன கப்பலில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் போட்டார். அந்த எல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த எல்லையைத் தொட்டதும், ஏறக்குறைய பூமி அளவுள்ள மையம் ஒரு விநாடிக்குள் நொறுங்கி, 20 கிலோமீட்டர் அளவுப் பந்தாகிறது. சிங்கப்பூர்த் தீவுக்குள் அடங்கிவிடும் அளவு! அதுதான் நியூட்ரான் விண்மீன். மேலடுக்குகளோ வெளியே சிதறுகின்றன. இந்த வெடிப்பைத்தான் சூப்பர்நோவா என்கிறோம். சில விண்மீன்களின் மையம் இன்னும் நொறுங்கிக் கருந்துளையாகிவிடும்.

இதெல்லாம் வெறும் கணக்கு இல்லை. 1987 பிப்ரவரியில், பக்கத்துப் பால்வெளியான பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததை மக்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். அதன் ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, நொறுங்கிய மையத்திலிருந்து கிளம்பிய நியூட்ரினோ துகள்கள் ஜப்பானில் பூமிக்கடியில் இருந்த கருவியில் பதிவாகின.

"திருவாதிரை வெடிச்சா நமக்கு ஆபத்தா டீச்சர்?" என்று நிச்சயம் கேட்பார்கள். இல்லை. அது 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. பகலிலும் தெரியும்; அவ்வளவுதான். அநேகமாக இன்னும் ஒரு இலட்சம் ஆண்டுக்குள் வெடிக்கலாம். இன்றைக்கே வெடித்தாலும் அந்தச் செய்தி நமக்கு வந்துசேர 500 ஆண்டுக்கு மேல் ஆகும்.

இழப்பு மட்டும் இல்லை, வரவும் உண்டு. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதி இப்படி வாழ்ந்து மடிந்த விண்மீன்களில் உருவானதுதான்.

பிப்ரவரி இரவு 9 மணி வாக்கில், ஓரியன் கூட்டத்தில் நம் தலைக்கு ஏறத்தாழ நேர் மேலே செந்நிறமாய் நிற்கும் திருவாதிரையைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் "வரவும் செலவும்" என்ற தலைப்பில் ஒரு விண்மீனின் வாழ்க்கையைப் பத்து வரியில் எழுதச் சொல்லலாம். அறிவியல் கருத்து, தமிழ் நடை இரண்டையும் சேர்த்தே மதிப்பிடலாம்.