முகாம் போதாது, ஆட்டம் வேண்டும்

2022 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான கால்பந்து உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடாமலே நம் அணிக்கு இடம் கிடைத்தது. புவனேஸ்வர் கலிங்கா மைதானத்தில் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. வாங்கிய கோல்கள் 16; போட்டது ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு தோல்வி வந்தால் நம்மிடையே இரண்டு விதமான பேச்சு எழும். நமக்கு எதற்கு இந்த விளையாட்டு என்பது ஒன்று. கலந்துகொண்டதே பெருமை என்பது மற்றொன்று. இரண்டுமே அந்தச் சிறுமிகளுக்கு நியாயம் செய்வதில்லை. திறமை இல்லாததால் அவர்கள் தோற்கவில்லை. பதினாறு வயதுக்குள் ஒரு வீராங்கனை ஆடி முடித்திருக்க வேண்டிய ஆட்டங்களை இந்த நாடு அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதனால் தோற்றார்கள்.

அந்த மூன்று ஆட்டங்களில் மொராக்கோவுடன் நடந்ததைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு எதிராக முதல் பாதியிலேயே 5 கோல்கள் விழுந்துவிட்டன. அதில் ஆராய அதிகம் இல்லை. மொராக்கோவை நம் அணி இடைவேளை வரை 0-0 என்று நிறுத்தி வைத்தது. உயரத்திலோ ஓட்டத்திலோ பெரிய வித்தியாசம் இருந்திருந்தால் அந்த 45 நிமிடங்கள் சாத்தியமாகியிருக்காது. இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் பெனால்டியில் முதல் கோல் விழுந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது. ஒரு கோல் வாங்கிய பிறகு என்ன செய்வது, வேகத்தை எப்போது குறைப்பது, பந்தை யாரிடம் கொடுத்து மூச்சு வாங்கிக்கொள்வது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. பின்தங்கியும், மீண்டு வந்தும், தோற்றும் பலமுறை ஆடினால்தான் அது உடம்பில் ஊறும்.

அந்த அணிக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. 2011 உலகக் கோப்பையில் ஸ்வீடன் பெண்கள் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்த தாமஸ் டென்னர்பி பயிற்சியாளராக இருந்தார். ஜாம்ஷெட்பூரில் முகாம், பிறகு இத்தாலி, நார்வே பயணம் எல்லாம் நடந்தன. அந்த ஐரோப்பியப் பயணத்தின்போதுதான் துணைப் பயிற்சியாளர் ஒருவர் மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டு எழுந்து, அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். ஆகஸ்ட் மத்தியில், போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், நிர்வாகச் சிக்கலுக்காக இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பையே ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. பத்து நாட்களுக்கு மேல் போட்டி இங்கே நடக்குமா என்பதே தெரியாமல் இருந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அணித்தலைவி அஸ்தம் ஒராவ்ன் ஜார்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தின் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். அவர் தலைவியானதும் அவர் வீட்டுக்குச் சாலை போட அரசு முடிவெடுத்தது. அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே தினக்கூலிக்கு உழைத்தார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் சாலையைப் போலத்தான் எல்லாமே பிள்ளை உலகக் கோப்பை அணிக்குப் போன பிறகு வந்தது. பத்து வயதில் அவளுக்குத் தேவைப்பட்ட அணியும் மைதானமும் வாராவாரம் ஓர் எதிரணியும் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் ஒரு சிறுமி ஓராண்டில் எத்தனை ஆட்டம் ஆடுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். மாநில அணிக்குத் தேர்வானவள்கூட தேசியப் போட்டிக்குப் போய்க் குழுச் சுற்றிலேயே வெளியேறினால், இரண்டு மூன்று ஆட்டங்களோடு அந்தப் பெரிய மேடை முடிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கான இந்தியப் பெண்கள் லீக்கே பல ஆண்டுகள் ஒரே ஊரில் கூடிச் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகத்தான் இருந்தது. சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. நம்மை 8 கோல் போட்டு வீழ்த்திய அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கால்பந்து ஆடுகிறார்கள். கல்வியில் பெண்களுக்குச் சம உரிமை தரும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி, கல்லூரி விளையாட்டுக்கும் பொருந்தியதால் வந்த கூட்டம் இது. அமெரிக்கா பணக்கார நாடு என்று சொல்லித் தள்ளிவிடலாம். மொராக்கோவை அப்படித் தள்ள முடியாது. அவர்களுக்கும் இந்தப் பிரிவில் அதுவே முதல் உலகக் கோப்பை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பே பெண்களுக்கென இரண்டு அடுக்குத் தொழில்முறை லீக்கை அந்த நாடு நடத்தத் தொடங்கிவிட்டது. அதன் பலன் 2023இல் தெரிந்தது: மூத்த பெண்கள் அணி தன் முதல் உலகக் கோப்பையிலேயே நாக்-அவுட் சுற்றுக்குப் போனது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. இந்தப் பிரிவில் அதிகமுறை கோப்பை வென்ற நாடு வடகொரியா: 2008, 2016, 2024, 2025. பியாங்யாங்கில் பள்ளி வைத்துச் சிறு வயதிலேயே பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, ஒரே இடத்தில் தங்கவைத்து வளர்க்கிறார்கள். அப்படியானால் முகாமே போதுமே என்று கேட்கலாம். அவர்களுடையது உலகக் கோப்பைக்குச் சில மாதங்கள் முன் கூட்டும் முகாம் அல்ல. ஆண்டு முழுக்க, பல ஆண்டுகள் ஆடவைக்கும் ஏற்பாடு. பிள்ளையின் விருப்பத்தையும் குடும்பத்தையும் அரசு தன் கையில் எடுத்துக்கொள்ளும் அந்த வழி நமக்கு ஆகாது, வேண்டவும் வேண்டாம். நமக்கு ஏற்ற உதாரணம் ஸ்பெயின். அங்கே சிறுமிகள் ஊர்க் கிளப்பில் சேர்ந்து லீக் ஆட்டங்களில் வளர்கிறார்கள். 2014இல் ஸ்பெயினின் 17 வயதுக்குட்பட்ட அணி இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்றது. அந்த அணியில் இருந்தவர் ஐத்தானா போன்மாத்தி. 2018இல் கோப்பையை வென்ற அணியின் கோல்கீப்பர் காத்தா கோல். 2023இல் ஸ்பெயின் மூத்தோர் உலகக் கோப்பையை வென்றபோது இருவரும் களத்தில் இருந்தார்கள். இளையோர் போட்டியில் வெல்வதும் தோற்பதும் பெரிதல்ல என்போர் இதைப் பார்க்க வேண்டும். நம் பெண்களின் உடல்வாகு இதற்கு ஒத்துவராது என்போருக்கு, 2014இல் அதே ஸ்பெயினை 2-0 என்று வென்ற ஜப்பான் பதில்.

பெண் பிள்ளைகளை ஆட அனுப்பவே இங்கே வீடுகள் தயங்குகின்றன, ஆள் எங்கே கிடைக்கும் என்பது இன்னொரு கேள்வி. தயக்கத்துக்குக் காரணம் உண்டு; அந்த ஐரோப்பியப் பயணத்தில் நடந்ததைக் கேள்விப்படும் எந்தத் தாயும் தயங்குவார். பெண் பயிற்சியாளர்களும், புகாரை உடனே கேட்கும் ஏற்பாடும் இல்லாமல் எந்தத் திட்டமும் நிற்காது. ஆனால் தொடர்ந்து ஆட வழியும், ஆடினால் ஒரு வேலையும் கிடைக்கும் என்று தெரிந்த இடங்களில் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தமிழ்நாடே சாட்சி. 2018இல் மணிப்பூரையே வீழ்த்தி நம் பெண்கள் தேசிய சாம்பியன் ஆனார்கள். 2023இல் மறுபடியும் வென்றார்கள். 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். அவரைப் பார்த்து ஆட வந்த பிள்ளைகளுக்கு வாராவாரம் எதிரணி வேண்டும்.

2025இல் ஒரு நல்ல மாற்றம் தெரிந்தது. ஆகஸ்டில் 17 வயதுக்குட்பட்ட நம் அணி திம்புவில் தெற்காசியக் கோப்பையை வென்றது. ஒவ்வோர் அணியுடனும் இரண்டு முறை மோதும் போட்டி அது; பிள்ளைகளுக்கு 6 ஆட்டங்கள் கிடைத்தன. அக்டோபரில் பிஷ்கெக்கில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கிர்கிஸ்தானை 2-1 என்று வென்ற பிறகு, உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக முதலில் கோல் வாங்கியது நாம்தான். மொராக்கோவுடன் அணி நொறுங்கிய அதே கட்டம். இம்முறை நொறுங்கவில்லை. இரண்டாம் பாதியில் தண்டாமணி பாஸ்கேயும் அனுஷ்கா குமாரியும் கோல் போட, ஆட்டம் 2-1 என்று நம் பக்கம் முடிந்தது. 2005க்குப் பிறகு முதல்முறையாக இந்தப் பிரிவின் ஆசியக் கோப்பைக்கு இந்தியா போகும் உரிமை பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி வென்று பெற்றது இதுவே முதல்முறை.

இந்த ஒரு வெற்றியை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாவட்டம்தோறும் 13, 15, 17 வயதுப் பெண்களுக்கு ஆறு மாத லீக் நடத்த வேண்டும். அதற்கு மைதானமும் நடுவரும் பேருந்துக் கட்டணமும் போதும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் பெண்கள் கால்பந்து அணி இருக்கிறதா, இந்த ஆண்டு அது எத்தனை ஆட்டம் ஆடியது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.