போரடித்தது யாருக்கு?

எங்கள் மாடி வீட்டுப் பையனுக்கு வயது எட்டு. மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மடை திறந்த வெள்ளந்தான். லகரம், ளகரம், ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக வந்து நிற்கும். அப்படியிருந்தும் ஒரு நாள் மாலை அவன் தாயார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இவனை என்ன செய்யறதுன்னே தெரியலை. கடகடன்னு படிக்கிறான். கேள்வி கேட்டால் முழிக்கிறான். வகுப்பிலே 'மக்கு'ன்னு பேர் வாங்கியாச்சு. இப்போ கணக்கிலேயும் மார்க் குறைஞ்சு போச்சு. டியூஷன் வைக்கலாமா?"

பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு தாளில் நானே ஒரு வாக்கியம் எழிதிக் கொடுத்தேன்: "உழவர்கள் கதிரை அறுத்தார்கள், களத்தில் போரடித்தார்கள்." கணீரென்று படித்தான்.

"உழவர்கள் என்ன செய்தார்கள், கண்ணா?"

"அவங்களுக்குப் போரடிச்சுதாம், அத்தை. வேலை ரொம்ப ஜாஸ்தி போல!"

தாயார் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. பையன் செய்தது மக்குத்தனமா? தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தெரியாத வாக்கியத்துக்கு அர்த்தம் தேடியிருக்கிறான். புத்தியுள்ள குழந்தை செய்கிற காரியம் அது. வைக்கோற்போரையே பார்த்தறியாத பட்டணத்துக் குழந்தைக்கு, கதிரை அடித்து நெல்லைப் பிரிப்பதுதான் போரடிப்பது என்று எப்படித் தெரியும்?

அடுத்தபடியாக ஒரு கணக்கு எழுதினேன். "கூடையில் இருந்த 45 மாம்பழங்களில் 18 விற்பனையாயின. எஞ்சியவை எத்தனை?" பையன் பென்சிலைக் கடித்தான். "மிச்சம் எத்தனைடா?" என்று கேட்டேன். "இருபத்தேழு!" என்று பதில் பறந்து வந்தது. கழித்தல் அவனுக்கு நன்றாகவே தெரியும். 'எஞ்சியவை'தான் தெரியாது!

இரண்டு வித்தைகள்

வாசிப்பு என்பது ஒரு வித்தை போலத் தோன்றினாலும் அதற்குள் இரண்டு வித்தைகள் இருக்கின்றன. எழுத்தைப் பார்த்து ஒலியாக்குவது ஒன்று. அந்த ஒலியைக் கேட்டால் பொருள் விளங்குவது மற்றொன்று. 1986-ல் கௌஃப், டன்மர் என்ற இரண்டு அறிஞர்கள் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். முதலாவதை இரண்டாவதால் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யந்தானே?

உங்கள் குழந்தைக்கு எந்தப் பக்கம் குறை என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். அவன் படித்துப் புரியாத பகுதியை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்டவுடன் புரிந்துவிட்டால், அவன் திண்டாட்டம் எழுத்தோடு. அப்படியானால் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிட்டு, ஆசிரியையிடம் பேசுங்கள். நெடுநாள் பழகியும் எழுத்துப் பிடிபடாத குழந்தையை 'சோம்பேறி' என்று திட்ட வேண்டாம். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. காதால் கேட்டும் புரியவில்லை என்றால், சொற்கள்தான் போதவில்லை. மாடி வீட்டுப் பையனின் கதை இதுதான்.

வீட்டில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ்

நம் குழந்தைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் 'போயிட்டான்', புத்தகத்தில் 'சென்றுவிட்டான்'. வீட்டில் 'ஒக்காரு'; புத்தகத்தில் 'அமர்க'. 'ஆயினும்', 'எனவே', 'ஏனெனில்' என்றெல்லாம் யார் வீட்டுச் சாப்பாட்டு வேளையில் பேசுகிறார்கள்? பள்ளிக்கூடம் போன பிறகுதான் இவை முதல் முதலாகக் காதில் விழுகின்றன என்றால், தாய்மொழியிலேயே குழந்தை அந்நியனாக நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்து சுலபமானது: தினந்தோறும் இரவில் கால் மணி நேரம் வாசித்துக் காட்டுங்கள். "அதுதான் தானே படிக்கத் தெரிந்துவிட்டதே!" என்று நிறுத்திவிடாதீர்கள். சின்ன வகுப்புகளில் கண்ணால் படித்துப் புரிவதைவிடக் காதால் கேட்டுப் புரிவது குழந்தைகளுக்கு அதிகம். புத்தகத்தில் உள்ளபடியே படியுங்கள். கடினமான இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, "எஞ்சியவைன்னா மிச்சம் இருக்கிறது" என்று பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். சொன்ன கதையையே மறுபடியும் கேட்டால் அலுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குத்தான் அது பழைய கதை. ஒவ்வொரு தடவையும் இரண்டு சொற்கள் அவன் மனத்தில் இன்னும் ஆழமாக ஊன்றுகின்றன.

படம் பார்க்கும்போது கேள்வி கேளுங்கள். ஆனால் பரீட்சை வைக்காதீர்கள். குழந்தை "நாய்" என்று சொன்னால், "ஆமாம், நனைஞ்ச நாய். மழைக்கு ஒதுங்கி நிற்குது. ஏன் நடுங்குது?" என்று நீட்டுங்கள். அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற உளநூல் பேராசிரியர் குழுவினர் சில பெற்றோருக்கு இந்த முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளிடம் ஒரே மாதத்தில் பேச்சு வளம் தெளிவாகக் கூடிவிட்டது என்று 1988-ல் எழுதினார்கள். கேள்வி கேட்டு, காத்திருந்து, குழந்தை சொன்னதையே சற்று நீட்டிச் சொல்வதுதான் அதன் சூட்சுமம்.

அடுக்களையும் ஒரு பள்ளிக்கூடம்

"புத்தகத்துக்கு நேரம் ஏது?" என்று கேட்கும் சகோதரிகளுக்கும் வழி இருக்கிறது. வறுப்பது வேறு, வதக்குவது வேறு, பொரிப்பது வேறு, தாளிப்பது வேறு. கிண்டுவதும் கிளறுவதும் துழாவுவதும் ஒன்றா? கையில் கரண்டியோடு சொன்னால் குழந்தைக்கு ஆயுசுக்கும் மறக்காது. பூக்காரி வந்தால் அரும்பு, மொட்டு, மலர் மூன்றையும் தொட்டே காட்டலாம். தண்ணீர், வெந்நீர், இளநீர், கண்ணீர் என்று 'நீர்' குடும்பத்தை எண்ணச் சொன்னால், பஸ் பிரயாணம் போவதே தெரியாது. தகப்பனார்களும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம். தடை ஒன்றும் இல்லை!

'அருஞ்சொற்பொருள்' பட்டியலை ஐந்து தடவை எழுதச் சொல்வதில் அவ்வளவு பயன் கிடையாது. சொல் என்பது தனியாக வந்து தங்கும் விருந்தாளி அல்ல. தான் குறிக்கும் பொருளோடும் காட்சியோடும் கூட்டமாகவே வரும். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு கதையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் அறியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். விஷயம் தெரிந்தால் வாசிப்பு எளிதாகிறது. ஆகவே சந்தை, தபாலாபீஸ், வயல், ரயில் நிலையம் எங்கே போனாலும் குழந்தையை அழைத்துப் போங்கள். அங்கே வாய் மூடி இராமல் பேசுங்கள். கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்தால் காட்சி கிடைக்கும். கேட்டதற்குப் பதில் சொல்லும் அம்மா கிடைக்க மாட்டாள்.

பிறகு...

மாடி வீட்டில் டியூஷன் வைக்கவில்லை. இரவு எட்டரை மணிக்குக் கதை வாசிக்கும் சப்தம் கேட்க ஆரம்பித்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பையன் வைக்கோற்போரின் மேல் ஏறி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். அந்தக் காலத்தில் மதுரையில் மாடு போதாமல் யானை கட்டிப் போரடித்தார்களாம் என்று தாத்தா சொன்னதை, கண்கள் விரிய என்னிடம் சொன்னான்.

மார்க் உடனே ஏறிவிடவில்லை. அது மெள்ளத்தான் ஏறும். ஆனால் போன வாரம் அவன் தாயார் ஒரு தட்டில் முறுக்கு கொண்டு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்த பின் தட்டில் நாலு முறுக்குகள் இருந்தன. பின்னாலேயே வந்த பையன் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, ரொம்பக் கம்பீரமாகக் கேட்டான்:

"அம்மா, எஞ்சியவை எனக்குத்தானே?"